கோட்டும் சூட்டும் போட்ட பிரபுக்கள்: டெரெக் ஜார்மனின் ‘இரண்டாம் எட்வர்ட்’

ஆங்கிலேய இயக்குநர் டெரெக் ஜார்மன் 1991-இல் எடுத்த ‘இரண்டாம் எட்வர்ட்’ படத்தில் பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பிரபுக்கள் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அரசி இசபெல்லா முத்துமாலையும் விலை உயர்ந்த கவுனுமாக நிற்கிறாள். அவள் காதலன் மார்ட்டிமர் இந்தக் காலத்து ராணுவ அதிகாரியின் உடுப்பில் இருக்கிறான். ஆனால் இவர்கள் வாயிலிருந்து வருவது நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ 1590-களின் தொடக்கத்தில் எழுதிய செய்யுள் வசனம்.

பழைய நாடகத்துக்குப் புது உடுப்பு மாட்டுவது பெரிய விஷயமில்லை. மேடையில் எத்தனையோ பேர் செய்ததுதான். ஜார்மன் அதோடு நிற்கவில்லை. நாடகத்தை நிறைய வெட்டினார், காட்சிகளை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டார், நடுநடுவே இன்றைய வசவுச் சொற்கள் சிலவற்றையும் சேர்த்தார். வெட்டியது போக மிஞ்சியதில் பெரும்பகுதி மார்லோவின் சொற்களேதான். ஆனால் அந்தச் சொற்களை நாம் யார் பக்கம் நின்று கேட்கிறோம் என்பது தலைகீழாக மாறிவிட்டது. அந்த மாற்றம் எப்படி நடந்தது, அதனால் படத்துக்குக் கிடைத்தது என்ன, கைவிட்டுப் போனது என்ன என்று பார்க்கலாம்.

அரசனும் கேவஸ்டனும்

எட்வர்ட் 1284-இல் வேல்ஸில் உள்ள கார்னார்வனில் பிறந்தவன். 1307-இல் தந்தை முதலாம் எட்வர்ட் இறந்ததும் அரியணை ஏறினான். ஏறிய கையோடு செய்த முதல் காரியம், தன் தந்தை அதே ஆண்டு நாடு கடத்தியிருந்த பியர்ஸ் கேவஸ்டனைத் திரும்ப அழைத்தது. கேவஸ்டன் தென்மேற்குப் பிரான்சின் காஸ்கனியைச் சேர்ந்த வீரன். பெரிய பிரபு வம்சம் கிடையாது. அவனுக்கு கார்ன்வால் பிரபு பட்டத்தை எட்வர்ட் தூக்கிக் கொடுத்தான். தன் அக்காள் மகளையும் அவனுக்கே கட்டிவைத்தான். 1308-இல் நடந்த முடிசூட்டு விழாவில் அரசனின் கிரீடத்தைத் தாங்கி வரும் பெருமையும் கேவஸ்டனுக்குத்தான் போனது.

பிரபுக்களுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. கேவஸ்டனும் சும்மா இருக்கவில்லை, ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்தான். வாரிக் பிரபுவுக்கு அவன் வைத்த பெயர் ‘ஆர்டன் காட்டுக் கறுப்பு நாய்’. மொத்தம் மூன்று முறை நாடு கடத்தப்பட்டும் திரும்பி வந்தான். 1312 ஜூன் மாதம் அந்தக் கறுப்பு நாயின் பிடியிலேயே சிக்கினான். வாரிக் நகருக்குப் பக்கத்தில் பிளாக்லோ என்ற குன்றில் அவன் தலையை வெட்டினார்கள்.

அந்தக் காலத்து லத்தீன் வரலாற்றுக் குறிப்பு ஒன்று, ஓர் ஆண் இன்னோர் ஆணை இப்படி நேசித்ததாகத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்கிறது. தாவீது–யோனத்தான், அக்கிலீஸ்–பட்ரோக்ளஸ் நட்புகளைச் சொல்லி, அவர்கள்கூட இப்படி அளவு மீறவில்லை என்று குறைப்படுகிறது. எட்வர்டுக்கும் இசபெல்லாவுக்கும் நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எட்வர்டும் கேவஸ்டனும் சத்தியம் செய்துகொண்ட உடன்பிறவாச் சகோதரர்கள், அவ்வளவுதான் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

அப்புறம் நடந்ததெல்லாம் சரிவுதான். 1314-இல் பானக்பர்னில் ஸ்காட்லாந்துப் படையிடம் படுதோல்வி. கேவஸ்டனின் இடத்துக்கு டிஸ்பென்சர் குடும்பம் வந்தது. பிரான்சுக்குப் போன இசபெல்லா 1326-இல் காதலன் மார்ட்டிமரோடும் படையோடும் திரும்பி வந்தாள். 1327 ஜனவரியில் எட்வர்டின் முடி பறிபோனது. அதே ஆண்டு செப்டம்பரில் பெர்க்லி கோட்டையில் சிறையிலிருந்தபடி இறந்தான். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை ஆசனவாய் வழியாகச் செலுத்திக் கொன்றார்கள் என்ற கதையை நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். இறந்த உடனே எழுதிய குறிப்புகளில் அந்தக் கதை இல்லை. பின்னால் வந்த வரலாற்று ஏடுகளில்தான் முளைத்து வளர்ந்தது. செய்த ‘பாவத்துக்கு’ ஏற்ற சாவு என்று யாரோ நினைத்த நினைப்பு அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஜார்மன் படத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் மிகவும் முக்கியம்.

மார்லோ என்ன எழுதினார்

மார்லோ கேன்டர்பரியில் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகன். 1593 மே 30 அன்று டெட்ஃபோர்டில் கண்ணுக்கு மேலே கத்திக்குத்து வாங்கி இறந்தபோது வயது 29. நாடகம் அச்சில் நமக்குக் கிடைப்பது 1594 பதிப்பிலிருந்து. ஹாலின்ஷெட் தொகுத்த வரலாற்று நூலிலிருந்து கதையை எடுத்து, இருபது ஆண்டுக்கு மேற்பட்ட சம்பவங்களை ஒரே மூச்சில் நடப்பதுபோல் நெருக்கினார். அவர் எழுதிய காலத்தில் ஆணும் ஆணும் உடலுறவு கொள்வது தூக்குத் தண்டனைக் குற்றம்.

அப்படியிருந்தும் நாடகத்தின் பிரபுக்கள் முதன்மையாகக் கோபப்படுவது அதற்காக இல்லை. மூத்த மார்ட்டிமர் தன் அண்ணன் மகனான இளைய மார்ட்டிமரைச் சமாதானப்படுத்தும் இடம் ஒன்று வருகிறது. மாவீரன் அலெக்சாண்டருக்கு ஹெஃபேஸ்டியன் இருந்தான், அக்கிலீஸுக்கு பட்ரோக்ளஸ் இருந்தான், சாக்ரடீஸுக்கும் ஆல்சிபயடீஸ் இருந்தான், பெரிய பெரிய அரசர்களுக்கே இப்படிப் பிரியமானவர்கள் இருந்திருக்கிறார்கள், விட்டுவிடு என்கிறார். இளையவன் சொல்லும் பதில் தெளிவானது. அரசனின் அந்த ஆசை என்னை வருத்தவில்லை, இழிந்த பிறப்புள்ள ஒருவன் அரசன் தயவால் இவ்வளவு திமிராகத் திரிவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்கிறான். படைவீரர்கள் கூலியில்லாமல் கலகம் செய்யும்போது இவன் கஜானாவை உடம்பில் உடுத்திக்கொண்டு திரிகிறான் என்பது அடுத்த குற்றச்சாட்டு. ஆக, பிறப்பும் பணமும்தான் தகராறு.

இதே காட்சியில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது. உலகமே வெறுக்கும் ஒருவனை நீங்கள் ஏன் நேசிக்க வேண்டும் என்று மார்ட்டிமர் கேட்கிறான். உலகத்தில் உள்ள எல்லாரையும்விட அவன் என்னை அதிகமாக நேசிக்கிறான், அதனால்தான் என்கிறான் எட்வர்ட். வக்கீல் வைத்து வாதாடினாலும் இதைவிட நல்ல பதில் கிடைக்காது. ஜார்மன் தன் படம் முழுவதையும் இந்த ஒரு பதிலின் மேல்தான் கட்டினார் என்று நான் நினைக்கிறேன்.

1988-இல் வந்த சட்டம்

ஜார்மன் ஓவியராகத் தொடங்கி, கென் ரஸ்ஸலின் படத்துக்கு அரங்கம் அமைத்து, அப்புறம் இயக்குநரானவர். 1986 டிசம்பரில் தனக்கு எச்.ஐ.வி. இருப்பது அவருக்குத் தெரியவந்தது. வெளியே சொன்னால் வேலை போகும், வீடு போகும் என்றிருந்த காலம் அது. அவர் அதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே பேசினார். மருத்துவமனைக்கும் படப்பிடிப்புக்கும் நடுவேதான் கடைசி ஆண்டுகளின் படங்களை எடுத்தார். ‘இரண்டாம் எட்வர்ட்’ படப்பிடிப்பில் அவருக்கு முடியாமல் போன நேரங்களில் கென் பட்லர் கைகொடுத்தார்.

1988 மே மாதம் தாட்சர் அரசு கொண்டுவந்த உள்ளாட்சிச் சட்டத்தில் 28-ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2018 வரை தன்பாலுறவைக் குற்றமாக்கியிருந்த 377-ஆம் பிரிவைப் போல இது ஆளைப் பிடித்துச் சிறையில் போடும் சட்டமில்லை. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’க் கூடாது, அவை நடத்தும் பள்ளிகளில் அதை ஒரு ‘போலிக் குடும்ப உறவாக’ ஏற்கத்தக்கது என்று கற்பிக்கக் கூடாது என்றது. இரண்டு ஆண்களோடு வாழும் ஒரு சிறுமியைப் பற்றிய படப்புத்தகத்தைச் சுற்றிக் கிளப்பிவிட்ட கூச்சலும் இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம் என்பதுதான் சொன்ன காரணம். இந்தப் பிரிவின் கீழ் யாரும் தண்டிக்கப்படவில்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை. வம்பெதற்கு என்று நூலகங்களும் ஆசிரியர்களும் தாங்களாகவே வாயை மூடிக்கொண்டார்கள்.

1990-இல் நடிகர் மைக்கேல் பூத் லண்டனில் அடித்துக் கொல்லப்பட்டார். அதையொட்டி ‘அவுட்ரேஜ்’ என்ற போராட்டக் குழு உருவானது. ஜார்மனும் அவர்களோடு தெருவில் நின்றவர். படத்தில் எட்வர்டின் படை என்று வருகிறவர்கள் வாடகைத் துணை நடிகர்கள் அல்ல. உண்மையான அவுட்ரேஜ் தோழர்கள் தங்கள் பதாகைகளோடு வந்து நிற்கிறார்கள். எதிரே கலவரத் தடுப்புப் போலீஸ் கேடயங்களோடு நிற்கிறது. நாடகத்தின் உள்நாட்டுப் போர் படத்தில் லண்டன் தெரு மறியலாக மாறிவிடுகிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்க வேண்டிய சங்கதி. தயாரிப்பில் பிபிசிக்கும் பங்குண்டு. தன்பாலீர்ப்புக் காதல் கதைக்கு முதலீடு கிடைக்க வேண்டுமென்றால் தூசி படிந்த பழைய நாடகம் ஒன்றைத் தேடி எடுத்து அதன் கற்பைக் கெடுங்கள் என்ற பொருளில் ஜார்மனே தன் திரைக்கதை நூலில் எழுதினார். அந்த நூலை 28-ஆம் பிரிவு உட்பட எல்லாத் தன்பாலீர்ப்பு எதிர்ப்புச் சட்டங்களும் ரத்தாவதற்குக் காணிக்கையாக்கியிருந்தார். ஆக, மார்லோ அவருக்கு ஒரு கவசமும்கூட. பள்ளி, கல்லூரிகளில் பாடமாக இருக்கும் நாடகத்தை ஆபாசம் என்று யாரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

செட்டுக்குள் ஒரு நாடு

படத்தில் வானம் இல்லை, மரம் இல்லை, கோட்டையின் வெளித்தோற்றம்கூட இல்லை. எல்லாம் ஸ்டூடியோவுக்குள்ளே. பூச்சில்லாத உயரமான சுவர்கள், புழுதித் தரை, எங்கிருந்தோ விழும் ஒற்றை வெளிச்சம், ஒரு சிம்மாசனம், ஒரு கட்டில். கிறிஸ்டோபர் ஹாப்ஸ் அமைத்த அரங்கம், இயன் வில்சனின் ஒளிப்பதிவு, சாண்டி பவலின் உடைகள். செலவு குறைவு என்பது ஒரு காரணம்தான். ஆனால் அரண்மனைக்கும் நிலவறைக்கும் வித்தியாசம் தெரியாத இந்த இடம் கதைக்கு அப்படிப் பொருந்துகிறது. எட்வர்ட் ஆளும்போதும் அதே நான்கு சுவர், அடைபட்டுக் கிடக்கும்போதும் அதே நான்கு சுவர்.

நாடகம் கேவஸ்டன் கையில் அரசனின் கடிதத்தோடு தொடங்குகிறது: அப்பா இறந்துவிட்டார், வா, என் ராஜ்யத்தைப் பங்குபோட்டுக்கொள். ஜார்மன் அதற்கும் முன்னால் நிலவறையைக் காட்டிவிடுகிறார். எட்வர்டும் (ஸ்டீவன் வாடிங்டன்) அவனைக் கொல்ல வந்த லைட்பார்னும் (கெவின் காலின்ஸ்) அங்கே இருக்கிறார்கள். மற்றதெல்லாம் அங்கிருந்து நினைத்துப் பார்ப்பதாக வருகிறது. படம் அடிக்கடி அந்த நிலவறைக்குத் திரும்புகிறது. முடிவு தெரிந்த கதை என்பதால் நாம் ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பிக்காகப் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறோம்.

கேவஸ்டன் நாடு கடத்தப்படும் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மார்லோ அங்கே பிரிவு வசனம் எழுதியிருக்கிறார். ஜார்மன் இரண்டு பக்கமும் பாதிரிமார்களை வரிசையாக நிறுத்துகிறார். நடுவே கேவஸ்டன் போகிறான். ஒவ்வொருவரும் அவன் மேல் காறித் துப்புகிறார்கள். முகத்தில் எச்சில் வழிய அவன் போய்க்கொண்டே இருக்கிறான். எய்ட்ஸ் வந்தவனைத் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று மக்கள் ஒதுங்கி ஓடிய ஆண்டுகளில், எச்சிலைப் பற்றியும் பீதி பரவியிருந்த ஆண்டுகளில் எடுத்த காட்சி இது.

அதற்கு நேர் எதிர், பிரிவுக்கு முந்தைய நடனம். எட்வர்டும் கேவஸ்டனும் பைஜாமா போட்டுக்கொண்டு மெதுவாக ஆடுகிறார்கள். பாடகி ஆனி லெனாக்ஸ் காட்சிக்குள் வந்து நின்று கோல் போர்ட்டரின் பழைய பிரிவுப் பாடலைப் பாடுகிறார். இந்தத் தேர்வு சும்மா வந்ததில்லை. எய்ட்ஸ் நிதிக்காக 1990-இல் வந்த இசைத் தொகுப்புக்காக லெனாக்ஸ் இதே பாட்டைப் பாடியிருந்தார். அதன் வீடியோவை இயக்க வேண்டியவர் ஜார்மன். உடல்நிலை கெட்டதால் அவரால் முடியவில்லை. அவர் குடும்பத்தின் பழைய வீட்டுப் படச்சுருள்களைத் திரையிட்டு, அதன் முன்னால் லெனாக்ஸ் பாடுவதாக அந்த வீடியோவை முடித்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பாட்டை ஜார்மன் தன் படத்துக்குள் கொண்டுவந்தார். கதையோடு எந்த ஒட்டும் இல்லாமல் ஒரு பாப் பாடகி வருகிறாரே என்று யாராவது கேட்டால் இந்தப் பின்கதையைத்தான் நான் சொல்வேன்.

கம்பி

1594 அச்சுப் பிரதியில் கொலைக் காட்சியைக் கவனமாகப் படித்தால் ஒன்று தெரியும். லைட்பார்ன் ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வைக்கச் சொல்கிறான், மேசையும் இறகு மெத்தையும் கேட்கிறான். ஆனால் கொலை நடக்கும்போது வசனத்தில் வருவது மேசையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி மிதிப்பது மட்டும்தான். கம்பியைப் பயன்படுத்தியதாக அந்தப் பிரதியில் ஒரு சொல்லும் இல்லை. ஹாலின்ஷெட் எழுதியிருந்ததால் மேடையும் அதையே நிரப்பிக்கொண்டது. கம்பிதான் இந்த நாடகத்தின் அடையாளம் என்றே ஆகிவிட்டது.

ஜார்மன் கம்பியை மறைக்கவில்லை. கொலையைக் காட்டுகிறார். கூச்சலும் வேதனையும் எல்லாம் அதில் இருக்கிறது. உடனே எட்வர்ட் விழித்துக்கொள்கிறான்; கண்டது கனவு. லைட்பார்ன் நிஜமாகவே கம்பியோடு வருகிறான். வந்தவன் அதைத் தண்ணீரில் எறிந்துவிட்டு, குனிந்து அரசனை முத்தமிடுகிறான்.

இதை வரலாற்றைத் திரித்த செயல் என்று சொல்வது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. கம்பிக் கதையே பிற்காலத்தில் ஒட்டவைத்த தண்டனைக் கற்பனை. தன்பாலீர்ப்பாளன் இப்படித்தான் சாக வேண்டும் என்று பல நூற்றாண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த கதையை ஒரு கனவுக்குள் அடைத்து, வெறும் கனவு என்றே பெயரிடுகிறார் ஜார்மன். தன் உடம்புக்குள் சாவை வைத்துக்கொண்டு, உனக்கு இதுதான் கூலி என்று பத்திரிகைகள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருந்த மனிதர் செய்த மாற்றம் இது. நாடகத்தை எத்தனை முறை படித்தாலும், அந்த முத்தத்துக்கு மார்லோவின் வசனம் எதிர்ப்புக் காட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. தன்னைக் கொல்ல வந்தவனிடம் எட்வர்ட் தன்னிடம் மிஞ்சிய ஒரே நகையை எடுத்துக் கொடுக்கும் காட்சி அது.

இதற்குப் பிறகு எட்வர்டின் சிறுவயது மகன் வருகிறான். நாடகத்தில் மூன்றாம் எட்வர்ட் மார்ட்டிமரின் தலையை வெட்டி அப்பாவின் சவப்பெட்டிக்குப் படைக்கிறான், அம்மாவைக் கோபுரச் சிறைக்கு அனுப்புகிறான். படத்தில் மார்ட்டிமரும் இசபெல்லாவும் உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி படிந்து ஒரு கூண்டுக்குள் கிடக்கிறார்கள். கூண்டின் மேலே அந்தச் சிறுவன் அம்மாவின் காதணியும் உதட்டுச் சாயமுமாக, வாக்மேனில் சைக்காவ்ஸ்கியின் பாலே இசை கேட்டபடி ஆடுகிறான். குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வந்த சட்டத்துக்கு ஜார்மன் சொன்ன பதில் இது. படம் முழுவதும் பெரியவர்களின் வன்மத்தை மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பையன், அப்பாவிடமும் அம்மாவிடமும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, கொலைகாரர்களின் தலைக்கு மேலே முடிசூடுகிறான். பாடம் எடுக்கவும் இல்லை, மன்றாடவும் இல்லை.

வெளியான பிறகு

1991 வெனிஸ் விழாவில், இசபெல்லாவாக நடித்த டில்டா ஸ்விண்டன் சிறந்த நடிகைக்கான வோல்பி கோப்பையை வென்றார். 1992-இல் பெர்லினிலும் படத்துக்கு விருது கிடைத்தது. ஜார்மன் 1994 பிப்ரவரி 19 அன்று, 52 வயதில் இறந்தார். ஆண்களுக்கிடையிலான உறவுக்கான சம்மத வயதை 21-இலிருந்து 18 ஆகக் குறைக்கும் வாக்கெடுப்பு நாடாளுமன்றத்தில் நடந்தது பிப்ரவரி 21 அன்று. 28-ஆம் பிரிவு ஸ்காட்லாந்தில் 2000-இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003-இலும்தான் ஒழிந்தது.

இழந்தது

விருது வாங்கித் தந்த பாத்திரத்தில்தான் படம் சறுக்குகிறது என்று எனக்குப் படுகிறது. மார்லோவின் இசபெல்லா முதல் பாதியில் மிகவும் பரிதாபத்துக்குரியவள். கணவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அவன் காதலன் அவளை ஏளனம் செய்கிறான், அவள் அழுகிறாள், பொறுக்கிறாள், பிறகு மாறுகிறாள். ஸ்விண்டன் கட்டில் காட்சியில் கணவனால் ஒதுக்கப்படும்போது அந்த வலியை முகத்தில் கொண்டுவந்துவிடுகிறார். ஆனால் இரண்டாம் பாதியில் அவளை ஒரு ரத்தக் காட்டேரியாகவே ஆக்கிவிடுகிறார் ஜார்மன். அரசனின் தம்பி கென்டை நாடகத்தில் மார்ட்டிமரின் ஆணைப்படி தலை வெட்டக் கொண்டுபோகிறார்கள். படத்தில் இசபெல்லா அவன் கழுத்தைக் கடித்து ரத்தம் குடித்துக் கொல்கிறாள். வெறுப்பு எப்படி ஆட்களைச் சிதைக்கிறது என்று காட்ட வந்த படம், காதல் கிடைக்காத ஒரு பெண்ணை அரக்கியாக்குவதில் மட்டும் பழைய கதைகளின் வழியிலேயே போய்விட்டது. படம் வந்தபோதே பெண் வெறுப்பு என்று விமர்சனம் எழுந்தது. அதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு இழப்பு, பிறப்பு பற்றிய சண்டை. மார்லோவின் பிரபுக்களுக்கு கேவஸ்டன் யாரோடு படுக்கிறான் என்பதைவிட எந்த வீட்டில் பிறந்தான் என்பதுதான் உறுத்தியது. ஜார்மனின் பிரபுக்கள் முதலாவதையே பிரதானமாக வெறுக்கிறார்கள். 1991-இல் அந்த வெறுப்பைத்தான் அவர் தினமும் பார்த்தார், அதனால் காரணம் புரிகிறது. ஆனால் மார்லோவிடம் இரண்டு வெறுப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. ஒன்றைச் சொல்ல வெட்கப்பட்டவர்கள் மற்றதைச் சொன்னார்கள். அந்தச் சிக்கல் படத்தில் மெலிந்துவிட்டது.

முழுவதும் போய்விடவில்லை. ஆண்ட்ரூ டியர்னன் நடித்த கேவஸ்டன், சீமான் வீட்டு நறுக்கான ஆங்கிலம் பேசுவதில்லை. துணியில்லாமல் சிம்மாசனத்தின் மேல் குந்தி உட்கார்ந்து, பறவைபோல் கத்திக் காட்டி ஆட்டம் போடும் அவன் நமக்குப் பிடித்துப்போகும் ஆளும் இல்லை. ஜார்மன் அவனை நல்லவனாக்க முயலவே இல்லை. நேசிக்கப்படுவதற்கு நல்லவனாகவோ நல்ல வீட்டில் பிறந்தவனாகவோ இருந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை அந்தக் கேவஸ்டன் ஏற்பதில்லை. பிரபுக்களுக்கு அவன்மேல் வரும் ஆத்திரத்தில் எவ்வளவு அவன் காதலுக்கு, எவ்வளவு அவன் பேச்சுக்கும் குந்தி உட்கார்ந்த விதத்துக்கும் என்று பிரிக்க முடியாமல் போகும் ஒரே இடமும் அந்தச் சிம்மாசனக் காட்சிதான்.